கிங்ஸ் குரொஸ்ஸிலிருந்து இரண்டு மணித்தியாலம்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, மூட்டுவலி, கொலஸ்ரெரோல் என்று ஏதாவது சொல்லுவார் என எதிர்பார்த்திருப்பீர்கள். நீரிழிவைக் கவனியுங்கள், மாத்திரையை இடையில் நிறுத்தாதீர்கள். வைத்தியப் பேச்சு இத்துடன் முடிந்தது. இனி ஊர் சுற்றுவது பற்றிக் கதைக்கப் போகின்றோம்.

மேடையில் நிற்பது ஒருவர்தான், கதைப்பது ஐந்து பேர். 1991ஆம் ஆண்டு ஜனவரியில் ஆறாம் வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்த நாங்கள், இரண்டு வைத்தியர், ஒரு மருந்தாளர், ஒரு கணக்காளர், ஒரு ஆசிரியை என்று இப்போது இங்கிலாந்தின் வடக்கில், ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கின்றோம். வருடத்தில் மூன்று நான்கு சனிக்கிழமைகளில் பிள்ளைகளையும் கணவன்மாரையும் வீட்டில் விட்டுவிட்டு, புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு எங்காவது போய்விடுவோம். அப்படிப் பார்த்த இடங்களில் சிலவற்றைத்தான் இன்று சொல்ல வந்திருக்கின்றோம்.

கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் ஊரிலிருந்தும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் இங்கிலாந்துக்கு வருகின்றார்கள். ஈஸ்ற்ஹாம், ரூற்றிங், வெம்பிளி. சொந்தக்காரர் வீடு, கோயில், சீலைக்கடை, அரண்மனை வாசலில் ஒரு படம். பத்து நாளும் முடிந்துவிடும். விமான நிலையத்திலிருந்து எங்களுக்குத் தொலைபேசி வரும்: "உங்கட பக்கம் வர நேரம் கிடைக்கேல்லையடி, அங்க பாக்கிறதுக்கு என்ன இருக்கு?" அந்தக் கேள்விக்கு விமானம் ஏறுபவரிடம் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே சொல்லுகின்றோம்.

எங்கள் பக்கம் என்பது யோர்க்‌ஷயர். இங்கிலாந்தின் பழைய மாவட்டங்களில் ஆகப் பெரியது. ஸ்கொட்லாந்தில் எத்தனை பேரோ ஏறக்குறைய அத்தனை பேர் அங்கும் இருக்கின்றார்கள். பேச்சு கொஞ்சம் கரடுமுரடு, மனம் அப்படியல்ல. இலண்டன் கிங்ஸ் குரொஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டு மணித்தியாலத்தில் யோர்க் நகரம்.

யோர்க்கில் எல்லோரும் பார்ப்பது பெரிய தேவாலயம். அதன் கிழக்குக் கண்ணாடி யன்னல் 1405இலிருந்து 1408 வரை மூன்று ஆண்டுகளில் செய்யப்பட்டது. ஒரு ரெனிஸ் மைதானம் அளவு. அதைப் பாருங்கள். உரோமர் காலத்து அடித்தளத்தில் எழும்பிய நகர மதிலின் மேல் காற்றுப்பட நடவுங்கள், காசு கேட்கமாட்டார்கள். ரயில் நூதனசாலைக்கும் காசில்லை. இவை எல்லாம் வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கின்றன. நாங்கள் கூட்டிக்கொண்டு போனால் முதலில் போகும் இடம் வேறு.

ஜோர்விக் என்று வைக்கிங் காலத்து நூதனசாலை ஒன்று இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தெரு, குடிசை, சந்தை, நாற்றம் உட்பட எல்லாவற்றையும் திரும்ப அமைத்து வைத்திருக்கின்றார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் மிகுந்த மரியாதையோடு ஒரு பொருள் இருக்கிறது. 1972இல் வங்கிக் கட்டடம் ஒன்று எழுப்பப்படவிருந்த நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த, கல்லாய் இறுகிப்போன, ஒரு வைக்கிங் மனிதரின் மலம். உள்ளே சாட்டைப்புழுவின் முட்டையும் வட்டப்புழுவின் முட்டையும் நிறைய. பார்த்தவுடன் எங்கள் ஐவருக்கும் பாடசாலையில் வரிசையில் நிறுத்திப் பூச்சி மருந்து தந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. மருந்தாளர் மாத்திரையின் பெயரையும் அளவையும் அந்த இடத்திலேயே சொன்னார். பக்கத்தில் நின்ற ஆங்கிலேயக் குடும்பம் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது.

யோர்க் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், மதில் வாசலுக்கு வெளியே, தெருவோடு ஒட்டிய சாதாரண செங்கல் கட்டடம் ஒன்று உண்டு. பெயர் பார் கொன்வென்ற். பழைய மாணவிகள் என்ற உறவில் இங்கே கூடியிருக்கும் நாங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய இடம் அது. 1686இல், கத்தோலிக்கப் பாடசாலை நடத்துவது சட்டப்படி குற்றமாக இருந்த காலத்தில், சில பெண்கள் அந்த இடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை தொடங்கினார்கள். துறவிகளாக இருந்தும் துறவிகளின் உடை உடுக்கவில்லை. அயலவர்கள் அவர்களைப் பார் வாசல் பெண்மணிகள் என்று மட்டும் அழைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் கட்டிய சிற்றாலயம் உள்ளே இருக்கிறது. அழகான குவிமாடம், ஆனால் தெருவில் நின்று பார்த்தால் வெறும் ஓட்டுக்கூரை மட்டும் தெரியும்படி மூடி மறைத்திருக்கின்றார்கள். சோதனைக்கு ஆட்கள் வந்தால் கலைந்து ஓட அந்த ஆலயத்துக்கு எட்டு வழிகள். நாங்கள் எண்ணிப் பார்த்தோம். எங்கள் காலத்தில் வகுப்பறையிலிருந்து பங்கருக்கு எத்தனை வழி என்று எண்ணி வைத்திருந்தவர்கள் அல்லவா நாங்கள், அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்தப் பெண்களுக்கு வழிகாட்டியவர் மேரி வோர்ட். 1585இல் யோர்க்‌ஷயரில் பிறந்தவர். பெண்கள் மடத்துக்குள் அடைபட்டிராமல் வெளியே போய்ப் பெண் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்றார். அதற்காக 1631இல் பாப்பரசர் அவருடைய சபையைக் கலைத்தார். அவரை மியூனிக்கில் ஒரு மடத்தில் சிறை வைத்தார்கள். உள்ளேயிருந்து தோழியருக்கு அவர் கடிதம் எழுதியது தேசிக்காய்ச் சாற்றினால். காய்ந்தால் எழுத்து மறைந்துவிடும், நெருப்பில் காட்டினால் தெரியும். ஏழாம் வகுப்பு விஞ்ஞானப் பாடத்துக்குப் பிறகு தேசிக்காய்ப் புளியில் கடிதம் எழுதிப் பின்வாங்குக்கு அனுப்பிப் பிடிபட்டவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று கேட்கமாட்டோம். அந்தப் பாடசாலை அதே இடத்தில் 1985 வரை நடந்து, பிறகு வேறு பாடசாலையோடு இணைந்தது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள். இப்போது அங்கே ஒரு நூதனசாலை, நல்லதொரு தேநீர்ச்சாலை, தங்குவதற்கு அறைகள். தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு யோர்க்கில் இதைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரியாது.

அந்த நகரை விட்டுப் போகுமுன் ஆற்றங்கரையில் நோர்த் வீதியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கைப்பிடி இல்லாத ஒரு பழைய தண்ணீர்ப் பம்ப் நிற்கும். 1813இல் அந்த வீதியில் ஒரு கூலித் தொழிலாளிக்குப் பிறந்த பிள்ளைதான் ஜோன் ஸ்னோ. 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, நோய் வருவது காற்றினால் அல்ல, தண்ணீரினால் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்துக் காட்டி, அந்தத் தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்றவைத்தவர். மருத்துவம் படித்தவர்களுக்கு இது குலதெய்வக் கோயில் மாதிரி. மற்றவர்களுக்கு ஒரு பம்ப். பம்பைப் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று கணக்காளர் கேட்டார். ஹவோர்த்துக்குப் போன அன்று அவருக்குப் பதில் கிடைத்தது.

ஹவோர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லீட்ஸிலிருந்து ரயிலில் கீத்லி. எழுத்துக்கூட்டிப் படித்தால் அந்தப் பெயர் ஒருபோதும் வாயில் வராது, கீத்லி என்றே கேளுங்கள். அங்கிருந்து நீராவி ரயில். தொண்டர்கள் நடத்துகின்றார்கள், ஐந்து மைல் பாதை. இறங்கினால் கருங்கல் பதித்த செங்குத்தான தெரு. உச்சியில் தேவாலயம், அதன் இடுகாடு, இடுகாட்டை ஒட்டிப் போதகர் வீடு. அந்த வீட்டில்தான் சார்லொட், எமிலி, ஆன் என்ற புரொன்ரே சகோதரிகள் வளர்ந்தார்கள், எழுதினார்கள்.

எங்களுக்கு அவர்களை அறிமுகம் செய்தவர் இன்று முன்வரிசையில் இருக்கின்றார். மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, புத்தகமும் இல்லை என்றிருந்த வருடங்களில் எங்கள் ஆங்கில ரீச்சர் 'ஜேன் ஐயர்' கதையைக் கொஞ்சம் தமிழிலும் கொஞ்சம் ஆங்கிலத்திலும் வாயாலேயே சொல்லி முடித்தார். பொம்பர் வந்தால் கதை பங்கருக்குள் தொடரும். அனாதைப் பிள்ளைகள் படித்த லோவூட் பாடசாலையில் காலைக் கஞ்சி அடிப்பிடித்துப்போன கட்டத்தை அவர் சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் பசி. அடிப்பிடித்த கஞ்சி என்றாலும் குடிக்கலாம் என்று யாரோ சொல்ல, பங்கருக்குள் சிரிப்பு அடங்கவே இல்லை. ரீச்சருக்கு அது நினைவிருக்குமோ தெரியாது.

லோவூட் கற்பனைப் பெயர், பாடசாலை கற்பனையல்ல. 1824இல் போதகர் தம் பெண் பிள்ளைகளில் நால்வரை கவன் பிரிட்ஜ் என்ற ஊரில் ஒரு விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினார். குளிர், மோசமான சாப்பாடு, காய்ச்சல். மூத்தவர்கள் மரியாவும் எலிசபெத்தும் காசநோயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, 1825இல் ஆறு கிழமை இடைவெளியில் இறந்தார்கள். பதினொரு வயதும் பத்து வயதும். உடனே சார்லொட்டையும் எமிலியையும் தகப்பன் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பாடசாலையின் சேர்வுப் பதிவேட்டில் எட்டு வயதுச் சார்லொட்டைப் பற்றி, கையெழுத்து சுமார், இலக்கணமும் புவியியலும் சரித்திரமும் ஒன்றும் தெரியாது என்ற பொருள்பட எழுதி வைத்திருக்கின்றார்கள். பதிவேட்டில் பிள்ளைகளைப் பற்றி எழுதும் ஆசிரியைகள் கவனிக்க.

வீட்டுக்குள் போனால் இடது பக்கம் சாப்பாட்டறை. ஒரு மேசை. பகல் வேலை எல்லாம் முடிந்த பிறகு மூன்று பேரும் அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டு தாங்கள் எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவார்களாம். 1846இல் ஆண் பெயர்கள் போலத் தோன்றும் புனைபெயர்களில் கவிதைத் தொகுதி ஒன்றைச் சொந்தக் காசில் போட்டார்கள். ஒரு வருடத்தில் இரண்டு பிரதி விற்றது. அடுத்த வருடம் மூவருடைய நாவல்களும் வந்தன. அதற்கடுத்த வருடம் செப்ரெம்பரில் சகோதரர் பிரான்வெல், டிசெம்பரில் எமிலி, அதற்கடுத்த மே மாதம் ஆன். எட்டு மாதத்தில் மூன்று மரணம். அதன் பிறகு சார்லொட் தனியாக அந்த மேசையைச் சுற்றி நடக்கும் காலடிச் சத்தம் கேட்கும் என்று வீட்டு வேலைக்காரப் பெண் சொல்லியிருக்கின்றார். அறை சிறியது. கயிறு கட்டியிருப்பதால் வாசலில் நின்றுதான் பார்க்கலாம். ஆசிரியையாக இருக்கும் எங்கள் தோழி, பின்னால் வந்த சனத்துக்கு இடம்விட்டு மூன்று தடவை திரும்ப வந்து பார்த்தார்.

நாவல்களுக்கு முன்பு அவர்களுக்கு வேறு ஒரு திட்டம் இருந்தது. 1844இல், அந்த வீட்டிலேயே பெண் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பாடசாலை நடத்துவது. எழுத்து, கணிதம், சரித்திரம், இலக்கணம், தையல், விரும்பினால் பிரெஞ்சு, ஜேர்மன், லத்தீன். தங்குமிடமும் சேர்த்து வருடத்துக்கு 35 பவுண். துண்டுப்பிரசுரம் அச்சடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். ஒரு பிள்ளைகூட வரவில்லை. தூரம், குளிர், இடுகாடு என்று சாட்டுச் சொன்னார்களாம். சார்லொட்டும் எமிலியும் ஆனும் கற்பிக்க ஆயத்தமாயிருந்த பாடசாலைக்கு ஒரு மாணவிகூட இல்லை.

இடுகாடு சாட்டு அல்ல என்பதை வைத்தியக் கண்ணோடு பார்த்தால் விளங்கும். 1850இல் அரசாங்கப் பரிசோதகர் ஒருவர் ஹவோர்த்துக்கு வந்தார். பென்ஜமின் பபேஜ், கணினியின் முன்னோடி சார்ல்ஸ் பபேஜின் மகன். கிணறுகள், மலசலகூடங்கள், வடிகால்கள் எல்லாவற்றையும் எண்ணி அறிக்கை எழுதினார். சராசரி மரண வயது 25.8. பிறந்த பிள்ளைகளில் 41.6 வீதம் ஆறு வயதுக்கு முன் இறந்தது. மலையுச்சியில் நிரம்பி வழியும் இடுகாடு, அதன் கீழே ஊர், ஊருக்குள் போதாத மலசலகூடங்கள், எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு கிணற்றுக்குப் போகும் தண்ணீர். அந்த அறிக்கையைக் கேட்டு வருடக் கணக்காக மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் வேறு யாருமல்ல, புரொன்ரே சகோதரிகளின் தகப்பன். மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்துவிட்டு அவர் 84 வயது வரை இருந்தார். இடுகாட்டுக் கற்களில் பெயர்களை வாசித்துப் பாருங்கள். ஒரே கல்லில் ஏழு பிள்ளைகள், எட்டுப் பிள்ளைகள். கணக்காளர் வயதுகளைக் கூட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

சார்லொட் 1855இல் தம் 38ஆவது வயதில், கர்ப்பமாக இருந்தபோது, ஓயாத வாந்தியால் மெலிந்து இறந்தார். சான்றிதழில் காசநோய் என்றுதான் எழுதியிருக்கிறது. கர்ப்பகால மிகைவாந்தி என்று பிற்கால வைத்தியர் பலர் கருதுகின்றார்கள். எங்களுக்கும் அப்படித்தான் படுகிறது. இப்போதென்றால் இரண்டு போத்தல் சேலைனும் வாந்தி நிற்க ஒரு ஊசியும் ஏற்றி, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

எங்களோடு அன்று ஹவோர்த்துக்கு ஆறாவதாக ஒருவர் வந்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல அவரிடமே அனுமதி வாங்கியிருக்கின்றோம், பெயர் சொல்வதற்கு அல்ல.

எங்களில் ஒருவர் வேலை செய்யும் வைத்தியசாலையில் நோயாளருக்குச் சாப்பாடு கொண்டுவருபவர் அவர். நான்கு வருடமாக ஒரே விடுதியில் "டொக்டர், ரீ வேணுமோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். தமிழர் என்பது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் இரவுக் கடமையில், களைப்பில், எங்கள் ஆள் பாடசாலைக் கீதத்தை மூக்குக்குள் முணுமுணுத்திருக்கின்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் நின்று இரண்டாவது அடியைப் பாடினார். எங்கள் வருடம்தான், வேறு பிரிவு. 1995 ஒக்ரோபர் கடைசியில் முழு யாழ்ப்பாணமும் எழும்பி நடந்தபோது அவர் பத்தாம் வகுப்பு. குடும்பம் வன்னிக்குப் போனது, திரும்பி வரவில்லை. சாதாரண தரப் பரீட்சை எடுக்கவில்லை. "நான் படிச்சு முடிக்கேல்லைத்தானே டொக்டர், பழைய மாணவி எண்டு எப்பிடிச் சொல்லுறது?" அதனால்தான் நான்கு வருடமும் சொல்லவில்லை.

அடுத்த பயணத்துக்குக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனோம். போகும்போது காரில் ஆசிரியைத் தோழி புரொன்ரேகளின் படிப்பைக் கணக்குப் பார்த்தார். எமிலி கவன் பிரிட்ஜில் ஆறேழு மாதம், பிறகு ரோ ஹெட் என்ற பாடசாலையில் மூன்று மாதமளவு, ஊர் ஞாபகத்தில் உடம்பு மெலிந்து திரும்பிவிட்டார். இங்கிலாந்தில் எமிலி பாடசாலைக்குப் போனது மொத்தமாக ஒரு வருடம்கூட இல்லை. பின்சீற்றில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப நான் எமிலியைவிடக் கூடப் படிச்சிருக்கிறன். ஜனவரி தொண்ணூற்றொண்டில இருந்து ஒக்ரோபர் தொண்ணூற்றஞ்சு. அஞ்சு வருசத்துக்கு ரெண்டு மாசம் குறைவு" என்றார். அன்று பின்னேரம் மேட்டு வெளியில் நடக்கும்போது 'டொக்டர்' போய் 'நீ' வந்துவிட்டது. அந்த நடைபாதையின் கைகாட்டிகளில் ஜப்பானிய எழுத்தும் இருக்கிறது, அவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றார்கள். ஓகஸ்ட் மாதம் என்றால் மேடு முழுக்க ஊதாப் பூ. மற்ற மாதங்களில் காற்றும் சேறும், அதுவும் பார்க்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில் நிர்வாகக் குழுவிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் சங்கத்தின் அங்கத்துவப் படிவத்தில் 'இறுதியாகச் சித்தியடைந்த பரீட்சை' என்றொரு கட்டம் இருக்கிறது. அவரிடம் படிவத்தைக் கொடுத்தோம். அந்தக் கட்டம் வரைக்கும் நிரப்பி, மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டார். எங்கள் வருடத்தில் மட்டும் இப்படி எத்தனை பேர் என்று ஐவரும் இருந்து பெயர் எழுதினோம். ஞாபகத்தில் வந்த பெயர்களே ஒரு வகுப்பளவு. சிலர் வன்னியில், சிலர் தமிழகத்து முகாம்களில், சிலர் எங்கே என்று தெரியாது, சிலர் இல்லை. அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும். எந்த வருடம் வந்தீர்கள், உங்கள் வகுப்பாசிரியை யார் என்று கேட்டால் போதும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை எழுத்தில் முன்மொழிவதற்கு ஐவரும் கையொப்பமிட்டிருக்கின்றோம். வழிமொழிய ஆள் தேவை, தேநீர் இடைவேளையில் வந்து சொல்லுங்கள்.

இனி மிச்ச ஊர்களை விரைவாகச் சொல்லிவிடுகின்றோம், மணியடிக்கப் போகின்றார்கள்.

கீத்லியிலிருந்து லீட்ஸுக்குத் திரும்பும் அதே ரயில் பாதையில் சோல்ரெயர். ரைரஸ் சோல்ற் என்ற ஆலை முதலாளி 1853இல் பெரியதோர் கம்பளி ஆலையைத் திறந்து, அதைச் சுற்றித் தொழிலாளருக்கு எண்ணூறுக்கு மேற்பட்ட கல்வீடுகள், பாடசாலை, வைத்தியசாலை, தேவாலயம், நூலகம் எல்லாம் கட்டிக் கொடுத்தார். தெருக்களுக்குத் தம் மனைவி பிள்ளைகளின் பெயர்கள். மதுச்சாலைக்கு மட்டும் இடமில்லை. ஹவோர்த்தைப் பார்த்த கண்ணோடு இங்கே வந்தால் நல்ல தண்ணீரும் வடிகாலும் என்ன செய்யும் என்பது விளங்கும். என்றாலும் அரைநாள் பாடசாலை, அரைநாள் ஆலை என்று பிள்ளைகள் வேலை செய்தது இங்கும்தான். வழிகாட்டிகள் அதை மெல்லிய குரலில் சொல்லுவார்கள். ஆலை 1986இல் மூடப்பட்டது. இப்போது உள்ளே பிராட்ஃபோர்ட்டில் பிறந்த ஓவியர் டேவிட் ஹொக்னியின் படங்கள், பெரிய புத்தகக்கடை, சாப்பாட்டுக்கடை. நுழைவு இலவசம்.

ஹரோகேற்றில் 1919இல் தொடங்கிய பெற்றிஸ் தேநீர்ச்சாலைக்கு எல்லோரும் போகச் சொல்லுவார்கள். வரிசை நீளம், விலை அதைவிட. ஒருமுறை போகலாம்.

சுண்ணக்கல்லைப் பார்க்க விரும்பினால் மாலம். எண்பது மீற்றர் உயர வெள்ளைப் பாறைச் சுவர், மேலே ஏறினால் வெடித்துப் பிளந்த கல்தரை. மேட்டில் ஓடிவரும் ஓடை ஒரு இடத்தில் தரைக்குள் போய் மறைந்து, மைல்கள் தள்ளிக் கீழே எழும்புகிறது. நிலாவரையையும் கீரிமலையையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதினமல்ல, எங்கள் குடாநாடும் இதே வகைக் கல்தான். ஒரு இடத்தில் ஊற்றுவதை இன்னோர் இடத்தில் குடிப்போம் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொல்லிக் கொடுத்தோம். வழி நெடுகக் காரையில்லாமல் அடுக்கிய கல்மதில்கள். நெடுந்தீவில் முருகைக்கல்லால் அடுக்கியவற்றைப் பார்த்தவர்களுக்கு ஊர் ஞாபகம் வரும்.

கடைசியாக விற்பி. யோர்க்கிலிருந்து பஸ்ஸில் போங்கள், ரயில் சுற்றுவழி. மேட்டு வெளிகளைத் தாண்டிக் கடைசி இறக்கத்தில் கடல் தெரியும்போது பஸ் முழுக்க ஒரு சத்தம் எழும்பும். துறைமுகம், மீன் பொரியல், கப்டன் குக் கடற்தொழில் பழகிய வீடு, டிராகுலா கதையை எழுதியவர் தங்கிய மேட்டுத்தெரு. 199 படி ஏறினால் கடலைப் பார்த்தபடி ஒரு பாழடைந்த மடாலயம். 657இல் அங்கே முதல் மடத்தை அமைத்து நடத்தியவர் ஹில்டா என்ற பெண். ஆண்களும் பெண்களும் அவருக்குக் கீழே படித்தார்கள். அங்கே படித்த ஐந்து பேர் பின்னாளில் ஆயர்கள் ஆனார்கள். 664இல் இங்கிலாந்துத் திருச்சபை எந்த முறைப்படி உயிர்த்த ஞாயிறைக் கணிப்பது என்ற பெரிய வழக்கு தீர்ந்ததும் அவருடைய மடத்தில்தான். மாட்டுக்கொட்டிலில் வேலை செய்த கட்மன் என்ற ஒருவருக்குப் பாட்டுக் கட்ட வருகிறது என்று அறிந்து, அவரைக் கூப்பிட்டு, கேட்டு, மடத்தில் சேர்த்துக்கொண்டார் ஹில்டா. பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் அந்த மாட்டுக்காரர்தான். அவருடைய இறுதிப் பரீட்சை எது என்று ஹில்டா கேட்டதாகப் பதிவில்லை. (இது நிர்வாகக் குழுவுக்கு.)

வருவதாயிருந்தால் சில விடயங்கள். ரயில் சீட்டை முன்கூட்டியே எடுங்கள், அன்றன்று எடுத்தால் விமானச் சீட்டு விலை சொல்லுவார்கள். மே முதல் செப்ரெம்பர் வரை நல்லது. குடையை வீட்டில் விட்டுவிட்டு மழை அங்கியைக் கொண்டுவாருங்கள், மேட்டுக் காற்றில் குடை நிற்காது. சீலைக்குப் பொருத்தமான செருப்போடு ஹவோர்த் தெருவில் இறங்க வேண்டாம், சப்பாத்து. முழங்கால் வலி உள்ள அக்காமாருக்கு 199 படி கட்டாயமில்லை, மேலே வரை வாகனப் பாதை இருக்கிறது. எங்கள் ஐந்து வீட்டிலும் படுக்க இடம் உண்டு, பாய் என்றால் சம்மதமா என்று மட்டும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

அடுத்த பயணம் வருகின்ற மே மாதம், ஸ்காபரோவுக்கு. ஆன் புரொன்ரே கடற்காற்றுக்காகப் போய் 1849 மே 28இல் இறந்தது அங்கேதான். குடும்பத்தில் அவர் ஒருவர் மட்டும் ஹவோர்த்தில் இல்லை, கடலைப் பார்த்த மேட்டில் இருக்கின்றார். கல்லில் வயது 28 என்று பிழையாக வெட்டியிருக்கின்றார்கள், அவருக்கு 29. பிற்காலத்தில் சரியான வயதோடு இன்னொரு கல் பக்கத்தில் வைத்தார்கள். இம்முறை இடத்தைத் தெரிவு செய்தவர் எங்கள் ஆறாவது ஆள். அன்றைக்குக் கடமையை வேறொருவரோடு மாற்றியும் விட்டாராம். இரண்டு காரில் போகின்றோம். நான்கு இருக்கை இன்னும் காலி.